150/750 நியூட்டோனியனில் கேமரா மாட்டினால் போகஸே வரவில்லை, என்ன செய்வது?

மொட்டைமாடி_மணி | சனி, இரவு 11.52

வணக்கம். மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வானம் பார்க்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. கையில் இருப்பது 150 மி.மீ. நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் டெலஸ்கோப்), குவியத்தூரம் 750 மி.மீ., ஈக்யூ3 மவுண்ட் (வானத்தோடு சுற்றும் தாங்கி), ஒற்றை மோட்டார். ஐபீஸில் எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது, சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டு அம்மா இரண்டு நாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, படம் எடுத்துக் காட்டுவோம் என்று மச்சானிடம் பழைய கேனான் 1300டி வாங்கி, டி-ரிங்கும் (கேமராவில் மாட்டும் வளையம்) ஒன்றேகால் அங்குல நோஸ்பீஸும் (ஃபோகஸரில் செருகும் குழாய்) ஆன்லைனில் வரவழைத்து, லென்ஸைக் கழற்றிவிட்டு ஐபீஸ் இருக்கும் இடத்தில் கேமராவைச் செருகினேன். நிலா வந்தது, ஆனால் வெள்ளைத் தோசை மாதிரி வந்தது. ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளியும் விளிம்பு தெளியவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் தெளிந்துவிடும் போல இருக்கிறது, போக இடமில்லை. வெளியே இழுத்தால் தோசை ஊத்தப்பம் ஆகிறது.

விற்றவர் "எல்லா டெலஸ்கோப்புக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தார். பொருந்தத்தான் செய்கிறது, படம்தான் வரவில்லை. கேமரா கோளாறா, ரிங் கோளாறா, நான்தான் கோளாறா?

கேட்டை27 | ஞாயிறு, காலை 6.10

ஒரு கோளாறும் இல்லை தம்பி, நியூட்டோனியன் வாங்கிய எல்லோரும் ஒருமுறை விழும் பள்ளம் இது. ஒரு 2எக்ஸ் பார்லோ (குவியத்தூரத்தை இரட்டிப்பாக்கும் லென்ஸ்) வாங்கி நடுவில் போடுங்கள், போகஸ் வெளியே தள்ளி வந்துவிடும். நான் மூன்று வருடமாக அப்படித்தான் எடுக்கிறேன்.

நிலாச்சோறு | ஞாயிறு, காலை 8.31

எதற்கு இவ்வளவு பாடு? 25 மி.மீ. ஐபீஸ் மேல் செல்போனை வைத்துப் பிடிக்க ஒரு ஹோல்டர் கிடைக்கிறது, நிலாவுக்கு அது போதும். நான் போட்ட பிறைப் படத்தைப் பார்த்துவிட்டு என் அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை.

மொட்டைமாடி_மணி | ஞாயிறு, காலை 9.05

நிலாவுக்குச் சரி அண்ணா, எனக்கு ஆசை மிருகசீரிட நெபுலா (ஓரியன் வாயுமேகம்) மேல். அதற்குப் போன் போதாது என்று இங்கேயே பழைய இழையில் படித்தேன்.

ஸ்பேனர் | ஞாயிறு, மாலை 4.47

தம்பி, எதையும் வாங்காதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். கோயம்புத்தூரில் முப்பது வருடம் லேத் ஓட்டியவன் சொல்கிறேன், அளக்காமல் வாங்கிய சாமான் அலமாரியில்தான் உட்காரும். என் அலமாரியில் நான்கு இருக்கிறது.

விஷயம் இதுதான். ஐபீஸில் பார்க்கும்போது மிரர் உண்டாக்கும் பிம்பம் ஃபோகஸர் வாயிலேயே, ஐபீஸின் தோள்பட்டை இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தால் போதும். கேமராவில் அப்படி இல்லை. சென்சார் கேமரா உடம்புக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது, முன்னால் கண்ணாடி தூக்கி இறக்கும் பெட்டி வேறு. கேனானில் மவுண்ட் வளையத்திலிருந்து சென்சாருக்கு 44 மி.மீ. அதன்மேல் டி-ரிங் ஒரு 11 மி.மீ. ஆக மொத்தம் 55. நிகானுக்கு உடம்பு 46.5, ரிங் 8.5, அங்கேயும் 55தான். இந்த 55 தற்செயல் இல்லை. டாம்ரான் கம்பெனி (அப்போது பெயர் வேறு) 1957ல் ஒரே லென்ஸை எல்லாக் கேமராவிலும் மாட்டலாம் என்று கொண்டுவந்த டி-மவுண்ட்டின் கணக்கு அது. வானியல்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அப்படியென்றால் உங்கள் ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளிய நிலையில், பிம்பம் வாயிலிருந்து குறைந்தது 55 மி.மீ. வெளியே விழவேண்டும், நோஸ்பீஸின் தோள் தடிமனையும் அதோடு சேர்க்கவேண்டும். கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த நியூட்டோனியனில் அவ்வளவு தூரம் வெளியே விடமாட்டார்கள். விட்டால் குறுக்கே இருக்கும் சின்னக் கண்ணாடியைப் பெரிதாக வைக்கவேண்டும், அது வெளிச்சத்தை மறைக்கும். ஆகவே உங்கள் டெலஸ்கோப் தப்பாகச் செய்யப்பட்டதில்லை, கண்ணுக்குச் செய்தது.

இப்போது அளக்கும் வழி. தையல்காரர் வைத்திருக்கும் பட்டர் பேப்பர் ஒரு துண்டு எடுங்கள். நிலாவைக் குழாயில் பிடித்து, ஐபீஸையும் கேமராவையும் கழற்றிவிட்டு, ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளி, வாய்க்கு வெளியே பேப்பரைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஏழு மில்லிமீட்டர் அளவில் குட்டி நிலா ஒன்று பேப்பரில் தெளிவாக நிற்கும் ஒரு இடம் வரும். வாயின் விளிம்பிலிருந்து அந்தப் பேப்பர் வரைக்கும் எத்தனை மி.மீ. என்று ஸ்கேலில் பாருங்கள், வெர்னியர் இருந்தால் இன்னும் நல்லது. அந்த எண்ணை இங்கே போடுங்கள், மிச்சத்தைப் பேசலாம்.

நிலா இல்லாத நாளென்றால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கு போதும், வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட வராது. பகலில் செய்யாதீர்கள். சூரியன் தவறிக் குழாய்க்குள் விழுந்தால் பேப்பர் பற்றிக்கொள்ளும், கண் இருந்தால் கண் போகும்.

கேட்டை27 | ஞாயிறு, மாலை 5.20

பட்டர் பேப்பர் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் பார்லோ வேலை செய்கிறதே ஸ்பேனர் சார்?

ஸ்பேனர் | ஞாயிறு, மாலை 6.02

வேலை செய்யும், யார் இல்லை என்றது. ஆனால் 750 உடனே 1500 ஆகிவிடும், எஃப் எண் (குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தது) 5லிருந்து 10 ஆகும். எஃப் 10ல் நெபுலா எடுக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும், அதைத் தாங்கும் மவுண்ட் அவரிடம் இல்லை. இன்னொன்று, 2எக்ஸ் என்று எழுதியிருப்பது ஐபீஸ் வைக்கும் தூரத்துக்குத்தான். கேமராவின் சென்சார் பார்லோவிலிருந்து இன்னும் தள்ளி இருப்பதால் பெருக்கம் இரண்டைத் தாண்டிவிடும். உங்கள் பௌர்ணமிப் படத்தில் தலையும் காலும் வெட்டுப்பட்டிருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? நிலாவின் பிம்பம் குவியத்தூரத்தை 110ஆல் வகுத்தால் வரும் அளவு. 1500க்கு 13.6 மி.மீ., கேனானின் ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் 14.9. இதுவே நூலிழை. 1700, 1800 என்று போனால் கட்டாயம் வெட்டும்.

கேட்டை27 | ஞாயிறு, மாலை 6.15

வெட்டுகிறது. மூன்று வருடமாக நான் குறிபார்ப்பதில்தான் குறை என்று நினைத்திருந்தேன் :)

ஓரிதழ் | ஞாயிறு, இரவு 9.40

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் சோனி மிரர்லெஸ் இருக்கிறது. அதில் கண்ணாடிப் பெட்டி இல்லை, சென்சார் 18 மி.மீ. தூரத்திலேயே இருக்கிறது, ஆகவே போகஸ் சுலபமாக வரும் என்று கடைக்காரர் சொல்லி வாங்கினேன். வந்த டி-ரிங் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குழாய் மாதிரி இருக்கிறது. இது எதற்கு இவ்வளவு நீளம்?

ஸ்பேனர் | ஞாயிறு, இரவு 10.08

55லிருந்து 18ஐக் கழியுங்கள், 37. அந்த 37தான் உங்கள் குழாய். மிரர்லெஸ்ஸில் மிச்சமாகும் இடத்தை ரிங்கே சாப்பிட்டுவிடுகிறது. உங்களுக்கு வேண்டியது டி-ரிங் இல்லை, ஒரு பக்கம் சோனி மவுண்ட்டும் மறுபக்கம் மரையும் மட்டும் உள்ள சின்னத் தட்டு அடாப்டர். தேடினால் கிடைக்கும். அப்போதுதான் மிரர்லெஸ் வாங்கியதில் லாபம். ஆனால் பிற்பாடு கோமா கரெக்டர் (மூலையில் வால் முளைக்கும் நட்சத்திரங்களைச் சரிசெய்யும் லென்ஸ்) போடும் நாளில் அதே 55 மறுபடி வேண்டியிருக்கும், குழாயைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

பனிமலை | திங்கள், காலை 7.15

ரொறன்ரோவிலிருந்து ஒரு எச்சரிக்கை. எம்42 மரை என்று போட்டிருக்கும் எல்லாம் ஒன்றில்லை. டி-மவுண்ட்டின் மரை 42 மி.மீ. விட்டம், புரிக்குப் புரி 0.75 மி.மீ. இடைவெளி. பழைய பென்டாக்ஸ், ஜெனிட் லென்ஸ்களின் மரையும் 42 மி.மீ.தான், இடைவெளி 1 மி.மீ. கையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு சுற்று உள்ளே போகும், அப்புறம் இறுகும். நான் "இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும் போல" என்று முறுக்கி, அது அப்படியே பிடித்துக்கொண்டு, கடைசியில் வாள் வைத்து அறுத்தேன். இரண்டு சுற்றுக்குள் இறுகினால் கையை எடுத்துவிடுங்கோ.

அப்புறம், எம்42 என்று தேடினால் பாதி முடிவுகள் மிருகசீரிட நெபுலாவின் படமாக வரும். நெபுலா, நட்சத்திரக் கொத்துகளுக்கான மெசியே பட்டியலில் அதன் எண் 42. மணிக்கு இரண்டு எம்42உம் வேண்டியிருக்கிறது.

மொட்டைமாடி_மணி | புதன், இரவு 10.33

அளந்துவிட்டேன்! முந்தாநாள் மேகம், நேற்று மின்தடை வந்ததில் வானம் பிரமாதமாக இருந்தது (எங்கள் தெருவில் மின்தடையைக் கொண்டாடும் ஒரே ஆள் நான்தான்). பேப்பரில் குட்டி நிலாவைப் பார்த்தபோது உண்மையாகவே சிலிர்த்துவிட்டது, பள்ளங்கள்கூடத் தெரிந்தன. ஒன்றேகால் அங்குல ஹோல்டரின் விளிம்பிலிருந்து பேப்பர் வரைக்கும் 32 மி.மீ. மூன்று முறை அளந்தேன், 31.5, 32, 32.5. நோஸ்பீஸின் தோள் 4 மி.மீ. அப்படியென்றால் எனக்கு வேண்டியது 59, இருப்பது 32, பற்றாக்குறை 27. சரியா?

நிலாச்சோறு | புதன், இரவு 10.50

27 மி.மீ. என்றால் பேசாமல் பிரைமரி மிரரை (அடியில் இருக்கும் பெரிய கண்ணாடி) 30 மி.மீ. முன்னால் தள்ளிவிடலாம். குழாயை அடியில் வெட்டுகிறவர்களும் உண்டு.

ஸ்பேனர் | புதன், இரவு 11.14

வெட்டுவதைக் கடைசிக்கு வைப்போம். 30 மி.மீ. தள்ளினால் சின்னக் கண்ணாடியில் விழும் ஒளிக்கூம்பு எஃப் 5 கணக்கில் 6 மி.மீ. அகலமாகும், ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் சிந்தும். அதைவிடத் தொல்லை, அதன்பிறகு ஐபீஸில் பார்க்கவே ஒரு நீட்டிப்புக் குழாய் செருகவேண்டும். என் நண்பர் ஒருவர் வெட்டிவிட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சனியைக் காட்டமுடியாமல் முக்கால் மணி நேரம் அந்தக் குழாயைத் தேடினார்.

மணி, கணக்கு சரி. இப்போது ஃபோகஸரின் வாயை உற்றுப் பாருங்கள். ஒன்றேகால் அங்குல ஹோல்டர் ஒரே துண்டா, அல்லது கழன்று வரும் தனி வளையமா? பல நியூட்டோனியன்களில் அந்த வளையத்தைத் திருகிக் கழற்றினால் அடியில் ஒரு மரை தெரியும். அது பெரும்பாலும் டி-மரைதான். இருந்தால் நோஸ்பீஸைத் தூர வைத்துவிட்டு டி-ரிங்கை அதிலேயே நேராகத் திருகலாம்.

மொட்டைமாடி_மணி | வியாழன், காலை 6.45

ஐயா!!! கழன்றது. ஒன்றரை வருடமாகக் கையில் வைத்திருக்கிறேன், அது கழலும் என்று தெரியாது. அடியில் மரை இருக்கிறது, டி-ரிங் வெண்ணெய் மாதிரி ஐந்து சுற்று உள்ளே போகிறது. கழற்றிய துண்டின் உயரம் 19 மி.மீ. நோஸ்பீஸின் 4ம் இல்லை. ஆக 23 மிச்சம். இன்னும் 4 மி.மீ.தான் பற்றாக்குறை.

ஸ்பேனர் | வியாழன், காலை 7.20

முடிந்தது வேலை. குழாயின் அடியில் கோலிமேஷன் (கண்ணாடிகளை நேர்ப்படுத்தும்) திருகு மூன்று இருக்கும், பக்கத்தில் பூட்டுத் திருகு மூன்று. பூட்டுத் திருகுகளைத் தளர்த்திவிட்டு, கோலிமேஷன் திருகு மூன்றையும் ஒரே அளவு தளர்த்துங்கள். ஸ்பிரிங் மிரரை முன்னால் தள்ளும். ஒன்றைச் சுழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகவேண்டாம், மூன்றுக்கும் அரைச் சுற்று, மறுபடி மூன்றுக்கும் அரைச் சுற்று, அப்படி. 4 மி.மீ. போதும் என்றாலும் 6 விடுங்கள், போகஸ் புள்ளியின் இரண்டு பக்கமும் கொஞ்சம் நகர்த்த இடம் வேண்டும். திருகு நீளம் பத்தாவிட்டால் ஹார்ட்வேர் கடையில் அதே மரையில் 10 மி.மீ. நீளமான போல்ட் மூன்று கேளுங்கள், ஸ்பிரிங் தளர்ந்து ஆடினால் அடியில் வாஷர் போடுங்கள். அப்புறம் கோலிமேஷனை முதலிலிருந்து செய்யவேண்டியிருக்கும், அதற்குச் சோம்பல்படாதீர்கள். 6 மி.மீ. என்பதால் ஐபீஸ் பார்வைக்கு ஒன்றும் ஆகாது, ஃபோகஸரைக் கொஞ்சம் வெளியே இழுத்துக்கொள்ளலாம்.

கழற்றிய துண்டைத் தொலைத்துவிடாதீர்கள். வீட்டில் சனி பார்க்க அது வேண்டும்.

மொட்டைமாடி_மணி | சனி, இரவு 9.58

வந்துவிட்டது. டைகோ பள்ளம், அதிலிருந்து கிளம்பும் கோடுகள், எல்லாம் கத்தியால் கீறிய மாதிரி. போகஸர் உள்முனையிலிருந்து 2 மி.மீ. வெளியே இருக்கும்போது தெளிகிறது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன், "இதற்குத்தானா இத்தனை நாள்?" என்றார்.

ஆனால் முதல் பத்துப் படமும் வெள்ளையாகத்தான் வந்தது. ஐஎஸ்ஓ 1600, 1/60 வைத்திருந்தேன். ராத்திரிதானே என்று நினைத்தேன்.

கேட்டை27 | சனி, இரவு 10.20

ராத்திரி நமக்குத்தான், நிலாவுக்கு அங்கே நடுப்பகல். வெயிலில் கிடக்கும் கல்லைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எஃப் 11ல் ஐஎஸ்ஓ 100க்கு 1/100 என்று ஒரு பழைய கணக்கு உண்டு. உங்கள் எஃப் 5க்கு அது 1/500 அளவில் வரும், பிறைக்கு நேரத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். லென்ஸ் இல்லாததால் திரையில் எஃப்00 என்று காட்டும், பயப்படவேண்டாம். எம் மோட், 2 விநாடி டைமர், லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிப் போகஸ், ரா கோப்பு. மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் மெனுவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்க அனுமதி கொடுக்கவேண்டும், இல்லையென்றால் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் கேமரா சும்மா இருக்கும். ஓரிதழ், இது உங்களுக்கு.

ஓரிதழ் | சனி, இரவு 10.24

நேற்று அரை மணி நேரம் சும்மா இருந்தது. நன்றி.

மொட்டைமாடி_மணி | செவ்வாய், இரவு 1.12

நிலா இல்லாத முதல் ராத்திரி, நெபுலாவுக்குப் போனேன். 30 விநாடி வைத்தால் நட்சத்திரம் எல்லாம் அரிசி மாதிரி நீண்டுவிடுகிறது. 10 விநாடியில்கூடப் பாதிப் படம் கெட்டுப்போகிறது. மோட்டார் ஓடுகிறது, சத்தம் கேட்கிறது. துருவ நட்சத்திரத்தைக் குறிவைக்கலாம் என்றால் அது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. மார்கழி பனிமூட்டம் வேறு. காம்பஸ் வைத்து வடக்கே திருப்பியிருக்கிறேன்.

யாழ்வானி | செவ்வாய், காலை 5.50

மணி, உங்கட கஷ்டம் எனக்கு விளங்கும், யாழ்ப்பாணத்தில் எனக்கும் இதே கதைதான். உங்களுக்கும் எனக்கும் துருவ நட்சத்திரம் பத்துப் பாகை உயரத்தில்தான் நிற்கும், பனைமரம் ஒன்று போதும் மறைக்க. புத்தகங்களும் வீடியோக்களும் ஐம்பது பாகை அட்சரேகையில் இருக்கிறவர்களுக்காகச் செய்தவை.

750 மி.மீ. குவியத்தூரம், உங்கள் கேமராவின் பிக்சல் 4.3 மைக்ரான் என்றால் ஒரு பிக்சலுக்கு வானத்தில் 1.18 விகலை (ஒரு பாகையில் 3600ல் ஒரு பங்கு விகலை). பூமி விநாடிக்கு 15 விகலை சுற்றுகிறது. மோட்டாரை நிறுத்தினால் ஒரு விநாடியில் பன்னிரண்டு பிக்சலுக்கு மேல் ஓடிவிடும். இந்த அளவில் காம்பஸ் வேலைக்கு ஆகாது. டெலஸ்கோப்பின் இரும்பே அதை இழுக்கும்.

துருவம் தெரியாவிட்டால் டிரிஃப்ட் முறை, அதாவது நட்சத்திரம் நழுவுவதை வைத்து மவுண்ட்டின் அச்சைத் துருவத்துக்குத் திருப்புவது. உச்சிக்கோட்டில் (வடக்குத் தெற்காக உச்சி வழியே போகும் கோடு), வான நடுக்கோட்டுக்குக் கிட்ட ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கோ. மிருகசீரிடத்தின் இடுப்பில் இருக்கும் மூன்றும் நடுக்கோட்டில்தான் இருக்கு, தைமாதத்தில் ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு உச்சிக்கு வரும். லைவ் வியூவில் பெரிதாக்கி வைத்துவிட்டு, கிழக்கு மேற்கு நகர்வைக் கண்டுகொள்ளாமல் வடக்கு தெற்கு நகர்வை மட்டும் பாருங்கோ. நட்சத்திரம் தெற்கே நழுவினால் மவுண்ட்டின் அச்சு கிழக்கே பார்க்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே பார்க்கிறது. அதற்கேற்பத் திருப்பி, ஐந்து நிமிடத்துக்கு அசையாமல் நிற்கிற வரைக்கும் செய்யவேண்டும். பிறகு கிழக்கிலோ மேற்கிலோ தாழ இருக்கும் ஒரு நட்சத்திரத்தை வைத்து உயரக் கோணத்தைச் சரிசெய்யலாம். முதல் தரம் எனக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது, இப்போது இருபத்தைந்து நிமிடம். மாடியில் முக்காலியின் மூன்று காலுக்கும் பெயின்ட் அடித்துக் குறி வைத்துவிட்டேன், மறுநாள் அரைவாசி வேலை மிச்சம். மடிக்கணினி இருந்தால் நைனா மென்பொருளில் துருவம் தெரியாமலேயே மூன்று இடத்தில் படம் எடுத்துக் கணக்குப் போடும் ஒரு இணைப்பு உண்டு, அது இன்னும் சுகம்.

இன்னொன்று. பத்துப் பாகையில் அச்சு கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கும். எதிர் எடைக் கம்பி கீழே வரும்போது வடக்குக் காலில் இடிக்கும், இடித்தால் மோட்டார் உறுமும், படம் நாசம். முக்காலியைத் திருப்பி வடக்கே இரண்டு கால், தெற்கே ஒரு கால் என்று வையுங்கோ, எடை நடுவால் போய்வரும்.

மொட்டைமாடி_மணி | செவ்வாய், காலை 6.30

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்தேன்.

ஸ்பேனர் | செவ்வாய், காலை 9.15

:) கேமரா மாட்டியபிறகு பேலன்ஸ் பார்த்தீர்களா? அரை கிலோ ஓரத்தில் தொங்குகிறது. குழாயை வளையங்களில் நகர்த்தி, எடையையும் நகர்த்தி, இரண்டு அச்சையும் தளர்த்தினால் விட்ட இடத்தில் நிற்கவேண்டும். ஃபோகஸரின் பூட்டுத் திருகையும் இறுக்குங்கள், இல்லையென்றால் உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேமரா தானாக இறங்கும்.

கேமராவைத் தொங்கவிடும் தலைவலி நமக்கு மட்டும் இல்லை. காவலூரில் 1986ல் வந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் பிம்பத்தைப் பக்கவாட்டில் திருப்பாமல், குழாயின் மேல்வாயிலேயே, முதன்மைக் குவியத்தில் கருவியை வைத்துவிடலாம். கருவி வெளிச்சத்தை மறைக்கும்தான், அத்தனை பெரிய மிரருக்கு அது பெரிய விஷயமில்லை. நம் ஆறு அங்குலத்தில் அப்படி வைத்தால் மிரருக்கு வேலையே இருக்காது.

பனிமலை | செவ்வாய், மாலை 6.40

என்னிடம் துருவ நட்சத்திரம் 44 பாகையில் பளிச்சென்று நிற்கிறது, ஆனால் வெளியே மைனஸ் 18. பேட்டரி நாற்பது நிமிடத்தில் செத்துவிடும், விரல் அதற்கு முன்பே. குளிரில் சென்சாரின் இரைச்சல் குறைவு, அது ஒன்றுதான் ஆறுதல். மதுரை வெக்கையில் நீங்கள் டார்க் படம் எடுக்காமல் விடக்கூடாது. மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே நேரம், அதே இரவில் இருபது. படங்களை அடுக்கிச் சேர்க்கும் டீப்ஸ்கைஸ்டாக்கரோ சிரிலோ மென்பொருள் அதைக் கழித்துக்கொடுக்கும், இரண்டுமே இலவசம்.

மொட்டைமாடி_மணி | ஞாயிறு, காலை 7.02

டிரிஃப்ட் செய்தேன். ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. 30 விநாடிப் படம் 80 எடுத்தேன், ஐஎஸ்ஓ 1600. இருபத்திரண்டைத் தூக்கிப் போட்டேன், மிச்சத்தைச் சேர்த்தால் கிட்டத்தட்ட அரை மணி நேரம். நடுவில் இருக்கும் நான்கு நட்சத்திரமும் வெந்துபோய் ஒரே வெள்ளைப் பொட்டாக இருக்கிறது, ஆனால் சிறகு விரித்த மாதிரி இரண்டு பக்கமும் வந்துவிட்டது! இரண்டு சந்தேகம். இணையத்தில் எல்லோருக்கும் ரத்தச் சிவப்பாக இருக்கிறது, எனக்கு ஊதாவாக வருகிறது. மூலையில் இருக்கும் நட்சத்திரங்கள் எல்லாம் வால் முளைத்துப் பறக்கின்றன.

கேட்டை27 | ஞாயிறு, காலை 7.48

முதல் தடவைக்கு இது ரொம்ப நல்ல படம், உண்மையாகச் சொல்கிறேன். நடுப்பகுதிக்கு 5 விநாடிப் படம் ஒரு இருபது தனியாக எடுத்துக் கலந்துவிடுங்கள்.

சிவப்பு குறைவது கேமராவின் உள்ளே இருக்கும் வடிகட்டியால். ஹைட்ரஜன் வெளிவிடும் சிவப்பு 656.3 நானோமீட்டர். சாதாரணக் கேமராவில் மனிதத் தோலின் நிறம் இயல்பாக வரவேண்டும் என்று அந்தப் பக்கத்துச் சிவப்பை வெட்டி வைத்திருப்பார்கள், கால்வாசிகூட உள்ளே வராது. கேனான் 2012ல் 60டிஏ, நிகான் 2015ல் டி810ஏ என்று வானியலுக்கென்றே விட்டார்கள், விலையைப் பார்த்தால் நமக்கு இல்லை. சிலர் வடிகட்டியைக் கழற்றிக் கொடுக்கிறார்கள். மச்சானின் கேமராவில் அதைச் செய்யவேண்டாம், குடும்பத்தில் குழப்பம் வரும்.

ஸ்பேனர் | ஞாயிறு, காலை 10.30

மூலையில் பறப்பது கோமா. எஃப் 5 நியூட்டோனியனின் பிறவிக்குணம், கரெக்டர் போட்டால்தான் போகும். அதை இப்போது வாங்காதீர்கள், அது ஃபோகஸருக்குள் இரண்டு அங்குல வாயில் போகும் சாமான், உங்களிடம் இப்போது வாயே இல்லை, ரிங் நேராக மரையில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள், நெபுலா நடுவில்தானே இருக்கிறது.

யாழ்வானி | ஞாயிறு, பகல் 12.05

மணி, மாசியில் விடிய நான்கு மணிக்கு எழும்ப முடிந்தால் தெற்கே பாருங்கோ. ஒமேகா சென்டாரி கொத்து எங்கட வானத்தில் 33 பாகை வரைக்கும் ஏறும். அதுக்குச் சிவப்பு வடிகட்டிப் பிரச்சினை இல்லை, வெறும் நட்சத்திரம்தான், லட்சக்கணக்கில். ரொறன்ரோவில் அது அடிவானத்துக்கு மேலேயே வராது.

பனிமலை | ஞாயிறு, பகல் 12.40

வேணுமென்றே சொல்கிறீர்கள்.

மொட்டைமாடி_மணி | ஞாயிறு, இரவு 8.15

தெற்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டி இல்லை, ஒரு வேப்பமரம் மட்டும்தான். அலாரம் வைத்துவிட்டேன்.

ஓரிதழ் | புதன், இரவு 11.26

தட்டு அடாப்டர் வந்தது. பட்டர் பேப்பர் வைத்து அளந்துவிட்டுத்தான் வாங்கினேன், 23 மி.மீ. வேண்டும், 29 இருந்தது. வியாழனின் நான்கு நிலாக்களும் ஒரே கோட்டில், படம் கீழே. பட்டர் பேப்பர் கேட்டதற்குத் தையல் கடைக்காரர் பணம் வாங்கவில்லை, டெலஸ்கோப்பில் ஒருநாள் காட்டச் சொல்லியிருக்கிறார்.